டிஜிட்டல் சான்றைக் கையாளப் பழகுதல்: காவலர் முதல் நீதிபதி வரை

சைபர் குற்றம் என்று யாரும் பெயரிடாத வழக்குகளிலும் இப்போது ஒரு செல்போனாவது வந்துவிடுகிறது. அடிதடி வழக்கில் பக்கத்தில் நின்றவர் எடுத்த வீடியோ, சொத்துத் தகராறில் வாட்ஸ்அப் உரையாடல், ஆள் காணாமல்போன வழக்கில் கடைசி அழைப்பு போன செல்போன் கோபுரத்தின் பதிவு, சாலை விபத்தில் காருக்குள் இருக்கும் கருவி குறித்துவைத்த வேகம். இப்படி மின்னணு வடிவில் சேமிக்கப்பட்டோ அனுப்பப்பட்டோ இருந்து, வழக்கில் ஒன்றை நிறுவவோ மறுக்கவோ உதவும் எந்தத் தகவலும் டிஜிட்டல் சான்றுதான். சைபர் குற்றம் அதைவிடச் சிறிய வட்டம். கணினியையோ வலையமைப்பையோ தாக்குவது, அல்லது அவற்றைக் கருவியாக்கி மோசடி, மிரட்டல், சிறார் மீதான பாலியல் சுரண்டல் போன்றவற்றைச் செய்வது அதில் அடங்கும்.

இந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் சைபர் பிரிவில் உள்ள சிலருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதும் என்ற எண்ணம் வருகிறது. உண்மையில் ஒரு போன் வழக்குக்குள் வந்தபின் பல கைகள் மாறுகிறது. சம்பவ இடத்துக்கு முதலில் போகும் காவலர் அதைத் தொடுகிறார். விசாரணை அதிகாரி என்ன தேட வேண்டும் என்று எழுதி அதை ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். ஆய்வாளர் நகலெடுத்து அறிக்கை தருகிறார். அரசு வழக்கறிஞர் அந்த அறிக்கையை வைத்து வாதிடுகிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத் துருவிப் பார்க்க வேண்டும். கடைசியில் நீதிபதி அதை எவ்வளவு நம்பலாம் என்று முடிவெடுக்கிறார். பணமும் கருவிகளும் பெரும்பாலும் நடுவில் இருக்கும் ஆய்வகத்துக்கே போய்ச் சேர்கின்றன. என் கணிப்பில், பிறகு திருத்தவே முடியாத பிழைகள் அதிகம் நேர்வது இரண்டு முனைகளிலும்தான்: சம்பவ இடத்தின் முதல் சில நிமிடங்களிலும், நீதிமன்றத்தில் அறிக்கையைப் படித்துப் பொருள்கொள்ளும் இடத்திலும். அதனால் இங்கே அந்த இரு முனைகளைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

முதல் சில நிமிடங்கள்

பொருள் வடிவில் இருக்கும் தடயத்தில் பழகிய ஒருவருக்கு டிஜிட்டல் தடயம் சில இடங்களில் புதிது. கண்ணுக்குத் தெரியாது, கருவி வழியாகத்தான் பார்க்க முடியும். எளிதில் மாறும், ஒரு கோப்பைத் திறந்து பார்த்தாலே அதைப் பற்றிய சில குறிப்புகள் மாறிவிடலாம். பறிமுதல் செய்த பொருளில் தகவல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வேறு நாட்டில் உள்ள சர்வரில் இருக்கலாம், அங்கிருந்தபடியே யாராவது அதை அழிக்கவும் செய்யலாம்.

கணினியின் தற்காலிக நினைவகத்தில் இருப்பது மின்சாரம் போனதும் மறைந்துவிடும். சேமிப்பு வட்டில் இருப்பது நிற்கும். ஆகவே சீக்கிரம் அழியக்கூடியதை முதலில் சேகரி, நிலைத்திருப்பதைப் பிறகு எடு என்ற விதி 2002-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3227 என்ற இணைய வழிகாட்டி ஆவணத்திலேயே தெளிவாக இருக்கிறது. ஒருகாலத்தில் காவலர்களுக்குச் சொல்லித்தரப்பட்டது எளிமையான பாடம்: கணினியைக் கண்டால் மின்கம்பியைப் பிடுங்கு, பெட்டியில் போட்டு முத்திரையிடு. அன்று அது சரியான பாடமாகவே இருந்தது. இன்று வட்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பது, அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருப்பது, சாதாரணம். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது திறவுகோல் நினைவகத்தில் இருக்கும். அணைத்துவிட்டால் கடவுச்சொல் இல்லாமல் உள்ளே போக வழியே இல்லாமல் போகலாம்.

2013 அக்டோபர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொது நூலகத்தில் ராஸ் உல்பிரிக்ட் கைது செய்யப்பட்டார். சில்க் ரோடு என்ற சட்டவிரோத இணையச் சந்தையை நடத்தியவர். அவரைப் பிடிப்பது மட்டும் அதிகாரிகளின் நோக்கமாக இருக்கவில்லை. அவருடைய மடிக்கணினி திறந்த நிலையில், அவர் அந்தத் தளத்துக்குள் நுழைந்திருக்கும்போது கையில் கிடைக்க வேண்டும். மூடிவிட்டால் எல்லாம் பூட்டிக்கொள்ளும். எனவே இரண்டு அதிகாரிகள் அவர் பின்னால் நின்று சண்டை போடுவதுபோல் நடித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்த கணத்தில் இன்னொருவர் மடிக்கணினியை எடுத்துக்கொண்டார். வழக்கின் முக்கியச் சான்றுகள் அந்தத் திறந்த மடிக்கணினியிலிருந்தே வந்தன. இவ்வளவு திட்டமிடல் எல்லா வழக்கிலும் நடக்காது. ஆனால் திறந்திருக்கும் சாதனத்துக்கும் மூடிய சாதனத்துக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை ஒவ்வொரு காவலரும் தெரிந்திருக்க வேண்டும்.

செல்போனிலும் இதே கதைதான். இயக்கியபின் ஒருமுறையாவது கடவுக்குறியீடு போட்டுத் திறக்கப்பட்ட போனுக்கும், இயக்கியபின் இன்னும் திறக்கப்படாத போனுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதல் வகையில் ஆய்வகம் எடுக்க முடிவது அதிகம்; இரண்டாம் வகையில் மிகக் குறைவு. ஆகவே இயங்கிக்கொண்டிருக்கும் போனைப் பாதுகாப்பு என்று நினைத்து அணைத்துவிடுவது தீங்காக முடியலாம். அப்படியே விட்டாலோ தொலைவிலிருந்து யாராவது அழித்துவிடலாம். விமானப் பயன்முறைக்கு மாற்றுவது, ரேடியோ அலை புகாத உலோக இழைப் பையில் போடுவது, சார்ஜ் இறங்காமல் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருப்பது, தாமதமின்றி ஆய்வகத்துக்கு அனுப்புவது என்பவை எல்லாம் சேர்ந்துதான் விடை. அந்தப் பைக்குள் போன் சிக்னலைத் தேடித் தேடி பேட்டரியை வேகமாகத் தின்னும் என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும். புதிய ஐபோன்கள் மூன்று நாள் திறக்கப்படாமல் கிடந்தால் தாமாகவே மறுபடி தொடங்கிக்கொள்கின்றன. வழக்குச் சொத்து அறையில் வாரக்கணக்கில் கிடக்கும் போன் வெறும் பூட்டிய பொருளாகிவிடுகிறது. காவல் நிலையத்தின் வழக்கமான தாமதமே இங்கே சான்றைக் கெடுக்கிறது.

முதலில் போகும் காவலருக்குக் குறியாக்கத்தின் கணிதம் தெரிய வேண்டியதில்லை. திரையில் என்ன இருந்ததோ அதைப் படமெடுக்க வேண்டும். சாதனத்தின் கடிகாரம் காட்டிய நேரத்தையும் உண்மையான நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். ஆவலில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கக் கூடாது. மேசைமேல் ஒட்டிய காகிதத் துண்டில் கடவுச்சொல் இருக்கலாம். பேனா மூடிபோல் இருப்பது யு.எஸ்.பி. நினைவகமாக இருக்கலாம், மூலையில் மினுக்கும் ரூட்டரும் பதிவு வைத்திருக்கலாம். கண்காணிப்புக் கேமரா பதிவு என்றால் அவசரம் இன்னும் கூடும். பல பதிவுக் கருவிகள் இடம் நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதிக்கொள்ளும். அவற்றின் கடிகாரம் பல நிமிடங்கள், சில வேளை ஒரு மணி நேரம்கூடத் தள்ளி ஓடுவது சகஜம். இதைக் குறிக்காமல் விட்டால், வேறெங்கோ இருந்த ஒருவரை அந்த நேரத்தில் அங்கே நிறுத்திவிட முடியும்.

புகார் கொடுக்க வருபவரை முதலில் சந்திப்பவரும் இதே பயிற்சிக்கு உரியவர். மிரட்டல் மின்னஞ்சல் என்றால் திரையைப் படமெடுத்துத் தந்தால் போதாது. அந்த அஞ்சலின் முழுத் தலைப்பகுதியோடு மூலக் கோப்பு வேண்டும், ஏனென்றால் அது எந்தச் சர்வர்கள் வழியே வந்தது என்பது அதில்தான் இருக்கிறது. பணமோசடி என்றால் முதல் சில மணி நேரத்திலேயே வங்கிக்குத் தகவல் போக வேண்டும். இது வேறு பிரிவின் வேலை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவதால் இழக்கப்படும் தொகையை எந்த ஆய்வகமும் மீட்டுத் தராது.

நகலும் ஹேஷும்

ஆய்வாளர் மூலச் சாதனத்தில் வேலை செய்வதில்லை, நகலில் செய்கிறார். எழுதுதடுப்பான் என்ற கருவியை நடுவில் வைத்து, வட்டிலிருந்து படிக்க மட்டும் முடியும், எதுவும் எழுத முடியாது என்ற நிலையில் நகலெடுக்கிறார்கள். எடுத்த நகல் மூலத்தோடு அப்படியே ஒத்திருக்கிறது என்று காட்ட உதவுவது ஹேஷ் மதிப்பு. எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும் அதை ஒரு கணக்கீட்டுக்கு உட்படுத்தி, நிலையான நீளமுள்ள ஒரு எழுத்து வரிசையாக மாற்றுகிறார்கள். எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் அது 64 எழுத்துகள் கொண்டது. கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த வரிசை முழுவதும் வேறாகிவிடும். கைப்பற்றிய அன்று பதிந்த மதிப்பும் நீதிமன்றத்தில் கணக்கிட்ட மதிப்பும் ஒன்றாக இருந்தால், இடையில் யாரும் தொடவில்லை என்று சொல்லலாம்.

சட்டங்களும் இதை ஏற்கத் தொடங்கிவிட்டன. அமெரிக்கக் கூட்டாட்சிச் சான்று விதிகளில் 2017 டிசம்பரில் சேர்ந்த 902(14) என்ற பிரிவு, ஹேஷ் ஒப்பீடு போன்ற முறையால் சரிபார்த்துத் தகுதியுள்ளவர் சான்றளித்த நகலைத் தனிச் சாட்சி இல்லாமலே ஏற்க வழிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தியாவின் புதிய சாட்சியச் சட்டத்தில், 63-ஆம் பிரிவுக்கான சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹேஷ் மதிப்பையும் எந்த முறையில் கணக்கிட்டது என்பதையும் எழுத இடம் இருக்கிறது.

வகுப்பில் இதைச் சொல்லித்தரும்போது இரண்டு எல்லைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்று, பழைய முறைகள் சில உடைந்துவிட்டன. எம்.டி.5 முறையில் இரு வேறு கோப்புகளுக்கு ஒரே மதிப்பு வரச்செய்ய முடியும் என்று 2004-இலும், எஸ்.எச்.ஏ.-1 முறையில் 2017-இலும் செய்தே காட்டிவிட்டார்கள். இரண்டாவது இதைவிட முக்கியம். ஹேஷ் பொருந்துவதால் அந்தக் கோப்பு உண்மை சொல்கிறது என்று ஆகாது. கணக்கிட்ட நேரத்துக்குப் பிறகு மாறவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். கைப்பற்றுவதற்கு முன்பே போலியாக உருவாக்கிய ஆவணத்துக்கும் ஹேஷ் கச்சிதமாகப் பொருந்தும்.

செல்போனில் இந்த ஒழுங்கு இன்னும் சிக்கலாகிறது. போனிலிருந்து தகவல் எடுக்கப் பெரும்பாலும் அது இயங்க வேண்டும். சில வேளை அதனுள் ஒரு சிறு நிரலை அனுப்ப வேண்டும். ஆக, ஏதோ ஒன்று மாறத்தான் செய்யும். புதுவகை எஸ்.எஸ்.டி. வட்டுகளும் மின்சாரம் கிடைத்தாலே அழிக்கப்பட்ட இடங்களைத் தாமாகத் துப்புரவாக்கிக்கொள்ளக்கூடியவை. பிரிட்டிஷ் காவல்துறைத் தலைவர்களின் சங்கம் வகுத்த நான்கு கோட்பாடுகள் இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பயனுள்ளவையாகத் தெரிகின்றன. சான்றில் உள்ள தகவலை மாற்றாதே என்பது முதலாவது. மூலத்தையே தொட வேண்டிய கட்டாயம் வந்தால், தொடுபவர் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும், ஏன் செய்தார், அதனால் என்ன விளைந்தது என்று நீதிமன்றத்தில் விளக்கவும் முடிய வேண்டும் என்பது இரண்டாவது. செய்த ஒவ்வொன்றுக்கும் பதிவு வேண்டும், வேறொருவர் அதே வழியில் போனால் அதே விடை கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது. இவை எல்லாம் கடைப்பிடிக்கப்பட்டதற்கு விசாரணைப் பொறுப்பாளரே பொறுப்பு என்பது நான்காவது. மாற்றமே இருக்கக் கூடாது என்று மனப்பாடம் செய்தவர் குறுக்கு விசாரணையில் திணறுவார். எந்த மாற்றம் நேர்ந்தது, அது ஏன் இந்தக் கேள்விக்குப் பொருட்டல்ல என்று சொல்லத் தெரிந்தவர் நிற்பார்.

கருவி சொன்னது எது, நாம் சொல்வது எது

ஆய்வகத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நல்ல வேலை என்ன செய்யும் என்பதற்கு டென்னிஸ் ரேடர் வழக்கு சான்று. 1974 முதல் 1991 வரை அமெரிக்காவின் கான்சாஸில் பத்துப் பேரைக் கொன்றவர் அவர். 2005-இல் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு ஃபிளாப்பி வட்டு ஒன்றை அனுப்பினார். அதில் அழிக்கப்பட்டுக் கிடந்த ஒரு வேர்ட் கோப்பின் உட்குறிப்புகளில் ஒரு தேவாலயத்தின் பெயரும், கடைசியாகத் திருத்தியவர் 'டென்னிஸ்' என்பதும் இருந்தன. சில நாள்களில் கைதானார்.

கருவியை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2011-இல் ஃபுளோரிடாவில் நடந்த ஒரு கொலை வழக்கில், வீட்டுக் கணினியில் குளோரோஃபார்ம் பற்றிய பக்கம் 84 முறை பார்க்கப்பட்டதாக அரசுத் தரப்பு சொன்னது. அந்த எண்ணைத் தந்த மென்பொருளை எழுதியவரே பிறகு மறுபடி சோதித்தார். அந்தப் பக்கம் பார்க்கப்பட்டது ஒரே ஒரு முறை. வேறொரு கருவி முன்பே ஒன்று என்றுதான் காட்டியிருந்தது. முக்கியமான முடிவு எதையும் இரண்டாவது கருவியாலோ கையாலோ சரிபார் என்ற பாடத்தை இதைவிட அழுத்தமாக எந்தப் புத்தகமும் சொல்ல முடியாது.

மனிதரிடமும் சாய்வு உண்டு. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில் 53 டிஜிட்டல் தடயவியல் ஆய்வாளர்களிடம் ஒரே சான்றுக் கோப்பைக் கொடுத்தார்கள். வழக்கின் பின்னணி பற்றி ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு தகவல் சொல்லப்பட்டது. சந்தேக நபர் குற்றமற்றவராக இருக்கலாம் என்ற தொனியில் கேட்டவர்கள் கண்டுபிடித்த தடயங்கள் குறைவாக இருந்தன. ஒரே தகவலைக் கேட்டவர்களுக்குள்கூட முடிவுகள் ஒத்துப்போகவில்லை. விசாரணை அதிகாரி ஆய்வகத்துக்கு எழுதும் கடிதத்தில் 'இவர்தான் செய்தார், நிரூபித்துத் தரவும்' என்று எழுதுவது ஏன் தவறு என்பதை இந்த ஆய்வை வைத்தே விளக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த நேரத்துக்கும் இந்த நேரத்துக்கும் இடையில் இந்தச் சாதனத்தில் என்ன நடந்தது?' என்பதுபோல் இருக்க வேண்டும்.

ஐ.பி. முகவரியை ஆள் என்று நினைப்பது

விசாரணையில் அடிக்கடி நேரும் தாவல் இது. இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரி கிடைத்தது, இணைய நிறுவனம் ஒரு பெயரைத் தந்தது, அந்தப் பெயர்தான் குற்றவாளி என்று முடிவு. இந்தப் பாதையில் நிறைய படிகள் விடுபட்டுப்போகின்றன. முகவரித் தட்டுப்பாட்டால் பல செல்போன் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோருக்குப் பகிர்ந்து தருகின்றன. அவர்களில் ஒருவரைப் பிரித்தறிய முகவரியோடு, ஒவ்வொரு இணைப்புக்கும் தரப்படும் போர்ட் எண்ணும், நொடி வரை துல்லியமான நேரமும் வேண்டும். இணையதளத்திடம் தகவல் கேட்கும்போதே போர்ட் எண்ணையும் கேட்காத அதிகாரிக்குப் பிறகு அது கிடைக்காமலே போகலாம்.

நேரம் என்பதே தனிப் பாடம். பெரிய நிறுவனங்களின் பதிவுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் இருக்கும். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். அமைப்பு கோப்பு நேரத்தை யு.டி.சி.யில் சேமிக்கிறது, பழைய யு.எஸ்.பி. நினைவகங்களில் உள்ள ஃபேட் அமைப்பு உள்ளூர் நேரத்தில் சேமிக்கிறது. இதைக் கவனிக்காமல் ஒரே அட்டவணையில் எல்லாவற்றையும் அடுக்கினால் நிகழ்வுகளின் வரிசையே தலைகீழாகும்.

முகவரி சரியான வீட்டைக் காட்டினாலும், அந்த வீட்டில் பலர் இருக்கலாம், வைஃபை திறந்திருக்கலாம், கணினியில் உரியவருக்குத் தெரியாமல் புகுந்து வேலை செய்யும் தீநிரல் இருக்கலாம். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 2004-இல் ஒரு மாற்று ஆசிரியையின் வகுப்பறைக் கணினியில் ஆபாசப் படங்கள் அடுத்தடுத்துத் தோன்றின. குழந்தைகள் பார்த்தார்கள். அவரே அந்தத் தளங்களுக்குப் போனார் என்று குற்றம்சாட்டப்பட்டு 2007-இல் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். அந்தக் கணினியில் தீநிரல் இருந்ததா என்று காவல்துறை சோதித்திருக்கவில்லை. வெளியிலிருந்து கணினி வல்லுநர்கள் குரல் கொடுத்த பிறகே அந்தத் தீர்ப்பு விலக்கப்பட்டு மறுவிசாரணைக்கு உத்தரவானது. கணக்கு, சாதனம், ஆள் ஆகிய மூன்றும் தனித்தனி. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக ஒவ்வொரு படியிலும் தனிச் சான்று வேண்டும். இந்த ஒரு பாடத்துக்காக நான் ஒரு நாள் முழுவதும் ஒதுக்குவேன்.

நீதிமன்றத்தில் இருப்பவர்களுக்கு

இரண்டாவது முனைக்கு வருகிறேன். பிரிட்டனில் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, கணினி தந்த ஆவணத்தைச் சான்றாக்க வேண்டுமானால் அந்தக் கணினி சரியாக இயங்கியதைக் காட்ட வேண்டும் என்று கேட்டது. நடைமுறைக்குச் சுமையாக இருக்கிறது என்று அதை 1999-இல் இயற்றிய சட்டம் நீக்கியது. அதன்பின், மாறாகக் காட்டப்படும்வரை கணினி சரியாக இயங்கியதாகவே நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. அதே ஆண்டில்தான் அங்கே அஞ்சல் நிலையங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. அது பிழையாகக் காட்டிய பணக்குறைவை வைத்து, 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சல் நிலையப் பொறுப்பாளர்கள் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களில் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள், சிலர் திவாலானார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. கடைசியில் 2024-இல் தனிச் சட்டம் இயற்றித்தான் மொத்தமாகத் தண்டனைகளை நீக்க முடிந்தது.

ஹொரைசன் வழக்குகளில் ஹேக்கர் இல்லை, குறியாக்கம் இல்லை, மறைந்த தடயம் இல்லை. சாதாரணக் கணக்கு மென்பொருளின் அச்சுப் பிரதி. அதை எடுத்துவைத்த வழக்கறிஞர்களும் ஏற்றுக்கொண்ட நீதிமன்றங்களும் கேட்டிருக்க வேண்டியது நாலைந்து கேள்விகள்: இந்த மென்பொருளில் தெரிந்த பிழைகள் உண்டா, அவற்றின் பட்டியல் எங்கே, வெளியிலிருந்து வேறு யாராவது இந்தக் கணக்கைத் திருத்த முடியுமா, இதே புகாரை வேறு எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்? இவற்றைக் கேட்கக் கணினிப் பட்டம் தேவையில்லை. கேட்கலாம், கேட்க வேண்டும் என்ற பழக்கம் தேவை.

டென்மார்க்கில் 2019-இல் இன்னொன்று நடந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தரும் மூலப் பதிவுகளைக் காவல்துறைக்கு ஏற்ற வடிவில் மாற்றும் மென்பொருள் சில விவரங்களை விட்டுவிட்டது தெரியவந்தது. செல்போன் இருப்பிடப் பதிவுகளை நீதிமன்றத்தில் பயன்படுத்துவதை அந்நாட்டின் தலைமை அரசு வழக்கறிஞர் இரண்டு மாதங்களுக்கு நிறுத்திவைத்தார். 10,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் மறுபார்வைக்கு எடுக்கப்பட்டன. கோபுரப் பதிவு ஒரு போன் ஏதோ ஒரு பரப்புக்குள் இருந்ததைச் சொல்லும். இந்த வாசலில் நின்றது என்று சொல்லாது. அருகில் இருக்கும் கோபுரத்தோடுதான் போன் இணையும் என்ற கட்டாயமும் கிடையாது. வரைபடத்தில் ஒரு புள்ளியாக வரைந்து காட்டியதும் இந்த ஐயம் எல்லாம் மறைந்துவிடுகிறது என்பதுதான் ஆபத்து. வரைபடத்தைக் காட்டும் அரசு வழக்கறிஞரே அந்தப் பரப்பின் அளவையும் வரைந்து காட்டப் பயிற்சி பெற வேண்டும்.

இப்போது இதற்கு எதிர்த்திசையிலும் சிக்கல் வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவால் குரலையும் முகத்தையும் போலியாக உருவாக்க முடிகிறது என்பதால், உண்மையான பதிவையும் 'இது போலி' என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கலாம். படத்தைப் பார்த்தோ குரலைக் கேட்டோ தீர்மானிக்கும் நம்பிக்கையை நீதிபதிகள் கைவிட வேண்டியிருக்கிறது. இந்தக் கோப்பு எந்தச் சாதனத்தில் பிறந்தது, எப்படிக் கைமாறியது, மூலக் கோப்பு எங்கே, அதே நிகழ்வுக்கு வேறு பதிவு உண்டா என்று வந்த வழியைத் தேடுவது உறுதியான பாதை. மென்பொருள் தரும் 'போலி' என்ற ஒற்றைச் சொல்லையும் அதேபோல் கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இந்தப் பயிற்சிகளில் பெரும்பாலும் மறக்கப்படுகிறார்கள். இது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. 84 என்ற எண்ணையும் தீநிரல் சோதிக்கப்படாததையும் கேள்வி கேட்க வேண்டியவர் அவர்தான். அவருக்கு ஆய்வகத்தின் நகலும், அதைப் பார்க்கக் கருவியும், பார்க்கத் தெரிந்தவரும் கிடைக்காவிட்டால் சான்று சோதிக்கப்படாமலே தீர்ப்பாகிறது. எவ்வளவு எடுக்கலாம் என்பதிலும் அவர் பங்கு உண்டு. கைதானவரின் செல்போனை நீதிமன்ற ஆணையின்றித் தேடக் கூடாது என்று 2014-இல் ரைலி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதற்குக் காரணம், ஒரு போனில் ஒருவரின் வாழ்க்கை முழுவதும் இருக்கிறது என்பதே. ஒரு கேள்விக்காக முழுப் போனையும் அள்ளி எடுத்துப் பார்க்கும் பழக்கத்தைக் காவல்துறைப் பயிற்சியே தடுக்க வேண்டும்.

எல்லை தாண்டிய சான்று

தகவல் இன்னொரு நாட்டில் இருந்தால் என்ன செய்வது என்பது விசாரணை அதிகாரியும் அரசு வழக்கறிஞரும் சேர்ந்து கற்க வேண்டிய பாடம். சைபர் குற்றம் பற்றி நாடுகளுக்கிடையே 2001-இல் கையெழுத்துக்கு வந்த புடாபெஸ்ட் உடன்படிக்கை இதில் அடிப்படை. அதன்படி, தகவலைக் கேட்டுப் பெறுவதற்கு முன்பே, அதை அழிக்காமல் வைத்திருக்கும்படி உத்தரவிடலாம்; அதிகபட்சம் 90 நாள்வரை, தேவைப்பட்டால் புதுப்பிக்கலாம். ஒவ்வொரு உறுப்பு நாடும் வாரம் ஏழு நாளும் 24 மணி நேரமும் இயங்கும் தொடர்பு மையம் வைத்திருக்க வேண்டும். பாதுகாக்கச் சொல்வது ஒன்று, தரச் சொல்வது வேறொன்று என்பது புரியாததால் சான்று இழந்துபோகிறது: முறையான வேண்டுகோள் தயாராக மாதக்கணக்காகும், அதற்குள் நிறுவனத்தின் பதிவுகள் காலாவதியாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய மின்சான்று விதி, ஒரு நாட்டு அதிகாரி இன்னொரு நாட்டில் உள்ள நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்டுப் பத்து நாளில், அவசரமென்றால் எட்டு மணி நேரத்தில், பெற வழிவகுக்கிறது. ஐ.நா. பொதுச்சபையும் 2024 டிசம்பரில் சைபர் குற்றத்துக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றது.

எப்படிக் கற்றுத்தருவது

வழிகாட்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஐ.எஸ்.ஓ. 27037 என்ற 2012-ஆம் ஆண்டுத் தர நிர்ணயம், டிஜிட்டல் சான்றை அடையாளம் காண்பது, சேகரிப்பது, பாதுகாப்பது பற்றிப் பேசுகிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹூவர் நகரில் 2008 முதல் இயங்கும் தேசிய கணினித் தடயவியல் நிறுவனம் காவலர்களோடு அரசு வழக்கறிஞர்களுக்கும் நீதிபதிகளுக்கும் வகுப்பு எடுக்கிறது. ஐரோப்பிய சைபர் குற்றப் பயிற்சிக் குழு தயாரித்த பாடங்கள் பல நாட்டுக் காவல்துறைகளுக்குப் பயன்படுகின்றன. ஐரோப்பிய கவுன்சில் 2014-இல் புக்கரெஸ்டில் தொடங்கிய அலுவலகம் நீதித்துறையினருக்கான பயிற்சியில் தனிக் கவனம் செலுத்துகிறது.

நான் பார்த்தவரை, மேடையில் படங்களை ஓட்டி நாள் முழுவதும் பேசும் பயிற்சி காவலரிடம் தங்குவதில்லை. ஓர் அறையில் இயங்கும் மடிக்கணினி, பூட்டிய போன், ரூட்டர், காகிதத் துண்டுகள் எல்லாம் வைத்து, உள்ளே போய் வேலை செய்யச் சொல்லி, வெளியே வந்ததும் என்ன விட்டார் என்று காட்டினால் தங்குகிறது. ஆய்வாளருக்குப் போலி நீதிமன்றம் நடத்த வேண்டும். தன் அறிக்கையைக் கணினி தெரியாத ஒருவருக்குப் புரியும்படி சொல்லவும், 'தெரியாது', 'இந்தத் தரவிலிருந்து சொல்ல முடியாது' என்று தயங்காமல் சொல்லவும் அங்கேதான் பழக முடியும். நீதிபதிகளுக்கு எடுக்கும் வகுப்பில் காவல்துறை மட்டும் ஆசிரியராக இருப்பது நல்லதல்ல. சார்பற்றவர்களும் எதிர்த்தரப்பில் வாதிடுபவர்களும் அங்கே பேச வேண்டும். சிறார் பாலியல் சுரண்டல் படங்களை நாள்தோறும் பார்க்க வேண்டிய ஆய்வாளர்களின் மனநலத்தையும் பயிற்சியின் பகுதியாகவே வைக்க வேண்டும். ஒலியை அணைத்துப் பார்ப்பது, கருப்பு வெள்ளையில் பார்ப்பது, நேர வரம்பு, ஆலோசகரைச் சந்திப்பது போன்றவை அவர்களை வேலையில் நிற்க வைக்கின்றன.

சான்றிதழ் வாங்கியவர்களின் எண்ணிக்கையை வைத்துப் பயிற்சியை அளப்பதால் ஒன்றும் தெரியாது. ஆய்வகத்துக்கு வந்த போன்களில் எத்தனை சார்ஜோடு வந்தன, எத்தனைக்குக் கடிகார வேறுபாடு குறிக்கப்பட்டிருந்தது, எத்தனைக்குக் கைமாற்றப் பதிவு முழுமையாக இருந்தது என்று பார்த்தால் தெரியும். ஆய்வாளர் ஒவ்வொரு பொருளும் வந்த நிலையை அரைப் பக்கத்தில் எழுதி, அதை அனுப்பிய நிலையத்துக்கே திருப்பி அனுப்பும் வழக்கம் ஒன்றைத் தொடங்கினால், அடுத்த வகுப்பில் எதைச் சொல்லித்தர வேண்டும் என்ற பட்டியலும் அதிலிருந்தே கிடைத்துவிடும்.